ஏழாம் கிலோமீற்றரில் தண்ணீர் மேசை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப்போகவில்லை. மன்னார்த் தீவின் கீரிக் கடற்கரையில் நடந்த பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்துக்கு நானும் பெயர் கொடுத்திருந்தேன். இரண்டாம் கிலோமீற்றரிலேயே மணலில் குந்திவிட்டேன். நடத்தியவர்கள் என்னை ஓட்டோவில் ஏற்றி, ஏழாம் கிலோமீற்றரில் தண்ணீர் மேசையடியில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். அங்கே காதில் விழுந்ததும் பிறகு விசாரித்து அறிந்ததும்தான் இது. பெயர்கள் நான் வைத்தவை.

முதல் தொடக்கம்: "விடியற்காலைக் கடல் வெள்ளித் தகடுபோல..." வேண்டாம். சனூன் அன்று கடலைப் பார்க்கவேயில்லை.

2

சனூனுக்கு ஐம்பத்திரண்டு வயது. உப்புக்குளத்தில் சீமெந்தும் ஆணியும் விற்கிற கடை. [முதலில் மெலிந்தவராக எழுதினேன், அடித்துவிட்டேன். மெலிந்தவர் ஓடினால் யார் கதை கேட்பார்கள்?]

மனைவி ஜெஸ்லியா இருபத்தைந்து வருடமாகக் கேட்டது ஒன்றுதான்: கடையும் தொலைபேசியும் இல்லாத இரண்டு நாள். கடைசியில் ஒரு சனி ஞாயிறு கிடைத்தது. கடற்கரை விடுதியில் அறை, மர நிழலில் சாய்வுக் கதிரை, இளநீர். இரண்டு நாளும் உனக்குத்தான் என்று சனூன் வாக்குக் கொடுத்திருந்தார். ஞாயிறு காலை அங்கே ஓட்டம் இருப்பதையும், தான் பெயர் கொடுத்து மூன்று கிழமையாவதையும் மட்டும் சொல்லவில்லை.

ஞாயிறு விடிய, பள்ளிவாசலுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார். சாரத்துக்குள் காற்சட்டை. [சுபஹு தொழவும் செய்தார். இதைச் சேர்க்காவிட்டால் மனுசன் என்னை மன்னிக்கமாட்டார்.] பிறகு சாரத்தை மடித்து ஒரு வடலிப் பனைக்குள் செருகிவிட்டு ஓட்டக்காரரோடு சேர்ந்துகொண்டார்.

3

மணல் காலை விழுங்கியது. பனங்காட்டுப் பாதையில் திரும்பியதும் ஐந்து கழுதைகள். மன்னார்க் கழுதைகள் யாரையும் துரத்துவதில்லை. துணைக்கு வர நினைத்தன போலும். சனூன் வேகத்தைக் கூட்ட, அவையும் கூட்டின. [வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் ஐந்தையும் என் கண்ணால் கண்டேன்.]

அதே நேரம் விடுதியில், ஓட்டத்தை நடத்திய சுவேதினி ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். தண்ணீர் மேசைக்கு வரவேண்டியவருக்குக் காய்ச்சல். சுவேதினி கேட்க, மனுசன் பள்ளியால் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று ஜெஸ்லியா ஓட்டோவில் ஏறினார்.

4

வளைவில் சனூன் வந்தார். மேசையைக் கண்டார். நீட்டிய கோப்பையைக் கண்டார். அதைப் பிடித்திருந்த கையின் வளையல்களைப் பிறகுதான் கண்டார்.

ஜெஸ்லியா அவர் நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத்தை வாசித்தார். நூற்றுப் பதினேழு.

"பள்ளி இவ்வளவு தூரமா?"

இங்கே சனூனுக்காக மூன்று பொய்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் அவர் வாயில் நிற்கவில்லை. மூச்சு வாங்கி முடிய அவர் சொன்னது இதுதான்:

"இந்த மண்ணில நான் கடைசியா ஓடினது தொண்ணூறில. எல்லாரையும் போகச் சொன்ன அண்டைக்கு, தோணியைப் பிடிக்க. ஒருக்கா சும்மா ஓடிப் பாக்கவேணும் போல இருந்தது. சொன்னா நீ விடமாட்டாய் எண்டு நினைச்சன்."

[அந்த ஒக்ரோபரில் புலிகளின் உத்தரவால் தீவின் முஸ்லிம் வீடுகள் எல்லாம்... நிறுத்திவிட்டேன். ஜெஸ்லியாவும் ஒரு தோணியில் போனவர்தான். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.]

ஜெஸ்லியா கோப்பையை அவர் கையில் வைத்தார். கழுதைகளும் நின்றன. சனூன் எனக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். மிச்ச நாளாவது உனக்குத்தான் என்றார்.

5

இங்கேயே முடிக்கலாம். இருவரும் திரும்பிப் போய் இளநீர் குடிக்கலாம். நல்ல முடிவுதான், ஆனால் ஜெஸ்லியா அதற்கு உடன்படவில்லை.

"இவ்வளவு பொய் சொல்லிப்போட்டு இடையில இருக்கிறதோ? எழும்புங்கோ. முடிச்சுப்போட்டு வந்து, பொழுதுபடுமட்டும் என்னோட சும்மா இருங்கோ."

சனூன் எழும்பி ஓடினார். ஓட்டம் என்று சொல்லக்கூடிய மாதிரித்தான். அவர் எல்லையைத் தொட்டாரா என்று கேட்பீர்கள். நானும் பார்க்கத்தான் எழுந்தேன். அதற்குள் ஜெஸ்லியா ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வாளியை என் கையில் தந்துவிட்டு, அவருக்குப் பின்னால் நடந்துவிட்டார். வளைவில் இன்னும் பதினொரு பேர் தாகத்தோடு வந்துகொண்டிருந்தார்கள்.

நீங்கள் அன்று எல்லைப் பக்கம் நின்றிருந்தால், அவர் தொட்டாரா என்று எனக்கும் சொல்லுங்கள்.