பதினொன்றாவது சாவி உடைந்த நாள்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு மோர்மிளகாய் உலர்த்தும் பெட்டியில் பிறந்தது. இன்னும் கௌரவமான பிறப்பிடம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஓஹையோவில், டேட்டன் நகரத்து வெயிலை நம்பி மிளகாயை வெளியே வைக்க முடியாது. அதனால் இங்குள்ளவர்கள் ஆப்பிள் துண்டும் மாட்டிறைச்சியும் காயவைக்கும் மின்சாரப் பெட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. போன அக்டோபரில் பக்கத்து வீட்டு வெண்டல் ஸ்ட்ரூப் அதை இரவல் கேட்டார். ஆப்பிளா என்றேன். "இல்ல, ஒரு வீடியோ நாடாவை எட்டு மணி நேரம் சூடுபண்ணணும்" என்றார், ஏதோ எல்லா வீட்டிலும் சனிக்கிழமை செய்வதுபோல.

பழைய நாடாவின் பூச்சு ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிடுமாம். அப்படியே ஓடவிட்டால் உரிந்து வந்துவிடும். மிதமான சூட்டில் வாட்டி எடுத்தால் சில வாரங்களுக்கு ஒழுங்காக ஓடும், பிறகு மறுபடி ஒட்டிக்கொள்ளும். அந்த நாடாவில் என்ன இருந்தது என்பதுதான் கதை.

(நேரில் வெண்டலை 'நீங்க' என்றுதான் சொல்வேன். கதைக்குள் வந்துவிட்டால் மரியாதையைக் குறைத்துக்கொள்வது எழுத்தாளர்களின் பரம்பரை உரிமை. இனி அவன், இவன்தான். லொரெட்டா ப்ரூயிட்டை 'அவள்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. ஏன் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.)

2

முதல் தொடக்கம்:

1975 மார்ச்சில், உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளங்களோடு பதினொரு வயது வெண்டல் சோபாவில்

[நிறுத்திவிட்டேன். நோயாளிப் பையனோடு தொடங்கினால் வாசகர் உடனே கைக்குட்டையை எடுத்துவிடுகிறார். வெண்டலுக்கு அதற்கு அவசியம் இல்லை. தன்மேல் தேவையான இரக்கத்தை அவனே தயாரித்துக்கொள்வான்.]

இரண்டாம் தொடக்கம்:

மனித குலம் கவனக்குறைவால் இழந்த செல்வங்களுள் தலையாயது

[இது என் வாக்கியம் அல்ல, வெண்டலுடையது. முப்பத்தொரு பக்கக் கட்டுரை ஒன்றை இப்படித்தான் தொடங்கியிருக்கிறான். அந்தத் தலையாய செல்வம் காலைநேரத் தொலைக்காட்சியில் வந்த ஒரு போட்டி நிகழ்ச்சி.]

சரி, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

'பதினொரு சாவிகள்' என்று ஒரு நிகழ்ச்சி. போட்டியாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சாவிகளைச் சேர்ப்பார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். அவற்றில் பொருந்துவது இருந்தால் அது பெரிய கதவைத் திறக்கும், கதவுக்குப் பின்னால் கார். பதினொன்றும் பொருந்தாத நாளும் உண்டு. நான்கு வருடம் ஓடியது. பிறகு ஒளிபரப்பியவர்கள் அந்த நாடாக்களை அழித்து, மேலே வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். சிரிப்பைவிட நாடா விலை அதிகம்.

ஐம்பது வருடம் கழித்து இதற்காக அழுகிறவர்கள் இணையத்தில் கூடி ஒரு பேரவை வைத்திருக்கிறார்கள். மொத்த உறுப்பினர்கள் பத்தொன்பது பேர், அவர்களில் பதவி இல்லாதவர்கள் நான்கு பேர். வெண்டல் தலைமைக் காப்பாளன். (தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்து ஓய்வுபெற்றவன் அவன். அங்கே அவனை யாரும் எதற்கும் தலைமை ஆக்கவில்லை.) பேரவையின் முதல் விதியை எழுதியவனும் அவனே: கையில் வைத்துக்கொண்டு பகிராதவர், அழித்தவருக்குச் சமம். இந்த விதியின்படி டெலாவேரில் ஒரு பல் மருத்துவர் வெளியேற்றப்பட்டார். மூன்று நிகழ்ச்சிகளைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, "இருக்கு, ஆனா தரமாட்டேன்" என்று வருடாவருடம் சொல்லிவந்தது அவர் செய்த குற்றம்.

அவர்களின் 'கிடைத்தால் போதும்' பட்டியலில் முதல் இடம் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு. லொரெட்டா ப்ரூயிட் என்ற இருபத்தாறு வயதுப் பெண் கடைசிச் சாவியைப் பூட்டுக்குள் போட்டுத் திருக, சாவி இரண்டாக உடைந்துபோன நாள் அது. பேரவையில் அதைக் கண்ணால் பார்த்தவன் வெண்டல் ஒருவன்தான். சும்மா பார்க்கவில்லை, ஒலிப்பதிவும் செய்தான். வீடியோக் கருவி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் அப்போது செய்ததுபோல, தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து சின்ன கேசட் ரெக்கார்டரில் பிடித்தான். அதில் தெளிவாகக் கேட்கிறது: 'டக்'. அதைத் தொடர்ந்து நான்கு நொடி, கரகரவென்று ஏதோ அரைபடும் ஓசை. கடைசியில் ஒரு பெண் குரல்.

கட்டுரையில் 'டக்'குக்கு ஆறு பக்கம். அரைபடும் ஓசைக்கு, பூட்டுக்குள் சிக்கிய துண்டால் பற்சக்கரங்கள் தடுமாறுவதை விளக்கும் கையால் வரைந்த படம். பெண் குரலுக்கு ஒரு வரி: 'தெளிவற்றது, அநேகமாகப் பார்வையாளர்களின் மூன்றாம் வரிசை.' லொரெட்டா திருகிய விதத்துக்கு ஒரு தலைப்பே உண்டு: பேராசையின் முறுக்கல்.

3

லொரெட்டா ப்ரூயிட்டுக்கு இப்போது எழுபத்தாறு வயது. டேட்டனிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் சீனியா என்ற ஊரில் இருக்கிறார். கணவர் ஹார்லன் அந்த நாளில் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் படக்கருவி அறையைப் பார்த்துக்கொண்டவர். மனைவி தொலைக்காட்சியில் வருகிறாள் என்று பள்ளிக்கூடக் கருவியில், யாருக்கும் தெரியாமல், ஒரு பெரிய வீடியோ கேசட்டில் பதிந்துவிட்டார். மிளகாய்ப் பெட்டி இரவல் போன அக்டோபருக்கு முந்தைய குளிர்காலத்தில் ஹார்லன் இறந்துபோனார். கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு அடியில் கேசட் கிடைத்தது. அதே வாரம் பேத்தி, பாட்டியின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தாள்.

[இங்கே ஒரு குழப்பம். லொரெட்டாவை முதலில் கண்ணீரும் கம்பளிச் சால்வையுமாக எழுதியிருந்தேன். கதைக்கு அது தோதாக இருந்தது. ஆனால் நான் பார்த்த லொரெட்டா சிவப்பு நிற டிரக்கில் வந்து இறங்கி, என் வீட்டு வாசலைக் காட்டி, "வெண்டல்ங்கிற பெரிய மனுஷன் வீடு இதுவா?" என்று கேட்டவர். சால்வையை அடித்துவிட்டேன்.]

வெண்டல் அன்று டை கட்டியிருந்தான். வரவேற்புரையும் ஒன்று எழுதி வைத்திருந்தான். இரண்டாவது வரிக்கு மேல் போகவில்லை.

"பேத்தி படிச்சுக் காட்டினா" என்றார் லொரெட்டா. "பேராசையாம். அந்தக் கார் எனக்கு வேணும்னுகூட நான் நினைக்கலப்பா. அப்ப எனக்கு ஓட்டவே தெரியாது."

"மிஸஸ் ப்ரூயிட், அது வந்து, ஒரு இலக்கிய நயத்துக்காக."

"நயம் வேணும்னா அங்க உன் பேரைப் போட்டுக்கோ. எனக்கு எழுபத்தாறு வயசு, வெண்டல். என் பேரைத் தேடினா உலகத்துல வர்றது ஒரே ஒரு விஷயம். அது நீ எழுதினது."

சாவி உடையவே இல்லை என்றார். வெண்டல் கருணையோடு புன்னகைத்தான். ஐம்பது வருடத்தில் நினைவு மங்குவது இயல்பு என்றும், நாடாவைப் பார்த்தால் அவருக்கே தெரியும் என்றும், அவர் நிலைமையில் யாராக இருந்தாலும் மனம் அதை மறைக்கத்தான் பார்க்கும் என்றும் எடுத்துச் சொன்னான். லொரெட்டா கேசட்டை மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் மிளகாய்ப் பெட்டி.

4

(அடுத்து நடந்தபோது நான் அந்த அறையில் இல்லை. வெண்டல் சொன்னது பாதி, லொரெட்டா சொன்னது பாதி. இரண்டும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் எழுதியிருக்கிறேன். ஒத்துப்போகாத இடங்களில் லொரெட்டாவை நம்பினேன்.)

வாட்டிய நாடாவை ஓடவிட்டபோது படம் முதலில் நடுங்கியது, பிறகு நிலைத்தது. வெண்டலின் கருவி அதைக் கணினிக்குள்ளும் பதிந்துகொண்டிருந்தது. கடுகு நிறக் கவுனில் இருபத்தாறு வயது லொரெட்டா. எழுபத்தாறு வயது லொரெட்டா, "நானே தைச்சது, இடது கை கொஞ்சம் நீளம்" என்றார். கடைசிச் சாவி உள்ளே போனது. பாதி திரும்பியது, மேலே நகரவில்லை. அவர் அதை வெளியே எடுத்தார். முழுசாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிகழ்ச்சி நடத்துநர் கையில் கொடுத்து, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டேன்போல என்றார். அரங்கம் சிரித்தது. அவ்வளவுதான்.

வெண்டல் முதலில் நாடாவைச் சந்தேகித்தான். வெட்டி ஒட்டியிருப்பார்கள் என்றான். யார், ஹார்லனா என்று லொரெட்டா கேட்டார். பள்ளிக்கூடத்துப் படக்கருவி அறையில் உட்கார்ந்து, ஐம்பது வருடம் கழித்து டேட்டனில் ஒரு வெண்டல் வருவான் என்று தெரிந்து?

அப்போது அவன் செய்ததை அந்தப் பேரவைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். தன் ஒலிப்பதிவை எடுத்துவந்து, நொடி பிசகாமல் படத்தோடு சேர்த்து ஓடவிட்டான். தன் சாட்சியைக் கொண்டே அந்தப் படத்தைத் தோற்கடிக்க நினைத்தான். இசை ஒத்துப்போனது. நடத்துநர் பேச்சு ஒத்துப்போனது. சாவி பாதி திரும்பி நின்ற அதே நொடியில், 'டக்'. வெண்டலின் கேசட்டில் மட்டும்.

"இன்னொரு தரம் போடு" என்றார் லொரெட்டா.

போட்டான். டக். கரகர.

"அன்னைக்கு நீ என்ன தின்னுக்கிட்டு இருந்தே?"

வெண்டலின் இடது கை தானாக மேலே வந்து, இல்லாத ஒரு நீளக் குச்சியைப் பிடித்து நின்றதாக லொரெட்டா சொன்னார். பிரெட்ஸெல் என்ற, உப்பு ஒட்டிய மொறுமொறு மாவுக் குச்சி. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாதபோது டின் டின்னாக வாங்கி வைப்பார்களாம். கதவு திறக்குமா திறக்காதா என்ற பதைப்பில் பதினொரு வயது வாய் கடித்திருக்கிறது, மென்றிருக்கிறது, மடியில் இருந்த ரெக்கார்டர் அதை உலகத்துக்காகப் பாதுகாத்திருக்கிறது. அந்த மெல்லும் ஓசைக்குத்தான் பற்சக்கரப் படம்.

"சத்தத்தைக் கூட்டு" என்றார் லொரெட்டா. பெண் குரல் வந்தது. மூன்றாம் வரிசை. "இது பார்க்க வந்த பொம்பளை இல்லப்பா. இது யாரோ ஒருத்தரோட அம்மா. சோபாவுல சிந்தாதேன்னு சொல்றா."

அந்தக் கேசட்டை ஆயிரம் தடவை கேட்டிருப்பான். ஆயிரம் தடவையும் சாவிக்காகவே காது கொடுத்ததில், சொந்த அம்மாவை அடையாளம் தெரியாமல் மூன்றாம் வரிசையில் உட்கார வைத்திருந்தான்.

[இங்கே ஒரு பத்தி எழுதினேன். வெண்டலின் அம்மா, சமையலறை, மருந்து வாசனை, ஜன்னலில் மார்ச் மாதத்து வெளிச்...]

வேண்டாம். அவனே அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்.

5

இப்போது முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று. கணினியில் கோளாறு, கோப்பு அழிந்தது, நாடாவும் ஒட்டிக்கொண்டது. வெண்டல் தலைமைக் காப்பாளனாகவே நீடிக்கிறான். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, ஆகவே நம்பவில்லை. அவன் வீண்பெருமைக்காரன், திருடன் இல்லை.

இரண்டு. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வெளியிடுகிறான். பேரவை கேலி செய்யும் என்று எதிர்பார்த்தால், அது எந்தக் கம்பெனி பிரெட்ஸெல் என்பதில் இரண்டாகப் பிளந்துபோகிறது. 1975இல் அந்த நீளத்துக் குச்சி ஓஹையோவில் கிடைத்ததா என்று நாற்பது பக்கம் விவாதிக்கிறார்கள். பல் மருத்துவர் வல்லுநராகத் திரும்ப அழைக்கப்படுகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. பிடித்திருப்பதாலேயே தள்ளிவைத்தேன். வெண்டல் பயந்த பயத்தை இது ஒரே நகைச்சுவையில் ஊதித் தள்ளிவிடுகிறது. அவன் நிஜமாகவே பயந்தான். அந்த ஒரு 'டக்'கை எடுத்துவிட்டால், தபால் பிரித்த முப்பது வருடம் தவிர அவனிடம் மிச்சம் எதுவும் இல்லை.

மூன்றாவது முடிவு லொரெட்டா சொன்னது. படத்தை மட்டும் போடு, கேசட்டைப் பற்றி வாயே திறக்காதே, கட்டுரையைச் சத்தமில்லாமல் எடுத்துவிடு என்றாராம். "நீ அசிங்கப்படணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. என் பேரு சுத்தமானா போதும்." கருணையான யோசனைதான். ஆனால் வெண்டலுக்கு அதுதான் தாங்கவில்லை. படத்தைப் பார்க்கிற மற்ற பதினெட்டு பேரும் முதலில் கேட்கப்போவது, அப்படியானால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். பதில் இல்லாவிட்டால் நாடாவைத்தான் சந்தேகிப்பார்கள். பேராசைக்காரி என்றதற்கு மேல் மோசடிக்காரி என்ற பெயரும் லொரெட்டாவுக்குச் சேரும். பேரவைக்காரர்களை அவனுக்குத் தெரியும். அவர்களை அப்படிப் பழக்கியவனே அவன்தான்.

ஆகவே அவன் கணினி முன்னால் உட்கார்ந்தான். படம் ஏறிவிட்டது, வெளியிடுவதுதான் பாக்கி. கீழே, விவரம் எழுதச் சொல்லி ஒரு கட்டம். அவன் அதில் எழுதியவற்றை வரிசைப்படி என்னிடம் சொன்னான்:

மனித குலம் கவனக்குறைவால்

அழித்தான்.

கீழ்க்கண்ட காட்சி, இதுவரை நிலவிவந்த சில கருத்துகளை மறுபரிசீலனை செய்ய

அழித்தான்.

நான்

இதை அழிக்கவில்லை. இதற்குமேல் எழுதவும் இல்லை.

பின்னால் நின்றிருந்த லொரெட்டா, காபி எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். மேல் தட்டில் என்றான். "நான் போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடி. என்ன எழுதினாலும் சரி, வந்ததும் என் முகத்தைப் பார்த்து வாய்விட்டுப் படி" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

பிறகு என்ன எழுதினான் என்று வெண்டல் எனக்குச் சொல்லவில்லை. இணையத்தில் போய்ப் பார்த்துக்கொள் என்றான். நான் பார்க்கவில்லை. வெண்டலின் நாற்காலியை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன், மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருக்கிறது, அதன் பக்கத்தில் கர்சர் கோடு மினுங்கிக்கொண்டிருக்கிறது. சமையலறையில் தண்ணீர் கொதித்துவிட்டது, அவர் கோப்பைகளை எடுக்கிறார்.

விவரம்: நான்