வெள்ளிப் பெயிண்ட் அடித்த சோக்கு

டாக்டர் வெளியூரில் இருந்த நேரம் பார்த்து, அவர் வீட்டில் உப்புத்தண்ணீர் விட்டு மீனும் பவளமும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் பெரிய விளக்குக்குக் கரண்டைச் சீராக்கித் தரும் சோக்கு புகைந்துவிட்டது. வேலைக்காரர் சவரிமுத்து அதைக் கழற்றித் தருமபுரியில் ஒரு எலக்ட்ரிக் கடைக்கு எடுத்துவந்தார்.

"நூத்தம்பது வாட்டா, இருநூத்தம்பதாண்ணே? மாத்திப் போட்டா பல்பு போயிருங்க" என்றார் கடைக்காரர்.

பல்பில் இருந்த எண் சூட்டில் எப்போதோ அழிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த எண் இருந்தது சோக்கின்மேல் மட்டும்தான். உப்புத்தண்ணீர் பட்டுத் துருப்பிடிக்கிறதே என்று போன மாதம் யாரையும் கேட்காமல் சவரிமுத்து அதற்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார். சாவியால் சுரண்டினால் பெயிண்டோடு எழுத்தும் உதிர்ந்தது.

போன் அடித்தது. டாக்டர்தான்.

"வெளிச்சமில்லாம பவளம் செத்துரும் சவரி. சோக்குல என்ன போட்டிருக்குன்னு படி."

முன்னிருந்த ஆளை ஒரு மீன் செத்ததற்கே டாக்டர் நிறுத்திவிட்டார். ஐம்பது வயதில் பாடுபட்டு எழுத்துக் கற்ற சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்குப் படிக்க வரலீங்க சார்."

"நம்பருகூடவா? கடைக்காரர்கிட்ட குடு."

போனை நீட்டுவதற்குள் கடைக்காரர் சோக்கைப் புரட்டிப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார்.

"எந்தப் புண்ணியவாண்ணே இதுக்குப் பெயிண்டு அடிச்சது?"

"பெயிண்டா, சவரி?" என்றார் போனில் டாக்டர்.