அடுப்பு பற்றவைக்காத இனிப்பு

1

இந்தக் கதை ஒரு சமையல் குறிப்பாகத் தொடங்கியது. விருந்தாளி வருவதற்கு முந்தின நாளே செய்து வைத்துவிடக்கூடிய பலகாரங்கள், இனிப்புகள் என்று ஒரு பத்திரிகையின் கோடை இணைப்புக்குக் கட்டுரை கேட்டார்கள். ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதுவும் சுமாராக. ஆனால் எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் எதற்கும் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. கீழ்வீட்டு ரஞ்சிதாவிடம் போய்க் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "நல்ல நாளாப் பாத்து வந்தீங்க சார். நாளைக்கி விருந்துக்கு நானே அதத்தான் செஞ்சிட்டிருக்கறேன். உக்காந்து பாத்து எழுதிக்கோங்க."

அது மே மாதத்து ஒரு சனிக்கிழமை. மறுநாள் விருந்து நடக்கவில்லை. கட்டுரையையும் நான் அனுப்பவில்லை. மிஞ்சியது இதுதான்.

(ரஞ்சிதா அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டேன். சாவை மட்டும் மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.)

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

கிருஷ்ணகிரி மாம்பழத்தின் வாசனை மாடிப்படி ஏறி வந்து என் — வேண்டாம். மே மாதம் இந்தப் பக்கத்தில் பேனா எடுக்கிறவர்கள் எல்லாரும் எழுதுவது இது.

ரஞ்சிதா செத்துப்போனாள். — இதுவும் வேண்டாம். கொஞ்ச நேரமாவது அவள் உயிரோடு இருக்கட்டும்.

சம்பந்தி வீட்டார் முதல்முறையாகக் கை நனைக்க வருகிறார்கள். — இது சரி. இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ரஞ்சிதாவின் ஒரே மகள் ஹரிணி. அவளும் கெலமங்கலத்துப் பையன் ஹரீஷ்குமாரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்து பழகி, பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். பையன் வீட்டில் நிலம் இருக்கிறது. ரஞ்சிதாவைப் பெற்றவர்கள் அந்த மாதிரி நிலங்களில் கூலி வேலை செய்தவர்கள். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை, உங்களுக்குப் புரியும்.*

* பத்திரிகைக்காரராக இருந்தால் இந்த இடத்தில் "இரு வேறு பின்னணி" என்று திருத்துவார். திருத்தட்டும்.

பையனின் அம்மா சென்னம்மாள் கெட்டவள் இல்லை. மகன் வீட்டுக்கு வந்தால் ஹரிணி போடுகிற காபியைக் குடிப்பாள். ஆனால் ஹரிணியின் அம்மா வீட்டுக்கு வந்ததே இல்லை. ஹரீஷ் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சம்மதிக்க வைத்திருந்தான்.

3

நிப்பட்டு, அதாவது இந்தப் பக்கத்துத் தட்டை, டப்பாவுக்குள் போய்விட்டது. கோசம்பரிக்குப் பாசிப்பருப்பை ஊறவைத்து வடித்து மூடியாயிற்று. மறுநாள் வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்தால் போதும். கட்லெட்டை உருட்டி ரஸ்க் தூளில் புரட்டி பிரிட்ஜில் வைத்திருந்தாள். பொரிப்பது மட்டும்தான் பாக்கி.

இனிப்பு: கெட்டித் தயிரை முந்தின இரவே துணியில் கட்டித் தொங்கவிடவும். நீரெல்லாம் வடிந்ததும் மாம்பழ விழுதும் பொடித்த சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துக் கடையவும். கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி —

"அடுப்பே பத்த வெக்க வேணாங்க சார், அதயும் எழுதிக்கோங்க" என்றாள் ரஞ்சிதா. "வெயில் காலத்துல அதான் பெரிய புண்ணியம்."

அவள் கணவர் முனிராஜ் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார். "எதுக்கு இவ்ளோ இழுத்துப் போட்டுக்கற? பேக்கரில ஸ்வீட்டும் பப்ஸும் வாங்கிட்டா முடிஞ்சிது. அதுன்னா அவங்களும் யோசிக்காம தின்னுவாங்க."

ரஞ்சிதா கரண்டியை நிறுத்தவில்லை. "அதுக்குத்தான் வேணாங்கறேன். கடப் பலகாரத்தத் தின்னுட்டுப் போனா, எங்கூட்ல சாப்ட்டாங்கன்னு எப்பிடிச் சொல்றது?"

முனிராஜ் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

"நாளைக்கி நான் அடுப்புகிட்ட நிக்கப் போறதில்ல சார். அந்தம்மா பக்கத்துல உக்காந்து பேசணும். அதான் எல்லாத்தயும் இன்னிக்கே."

4

அன்று சாயங்காலம் நெஞ்சை அழுத்துகிறது என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தாள். முனிராஜும் நானும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

(இங்கே ஒரு நீளமான ஆஸ்பத்திரிக் காட்சி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. எனக்கே என்மேல் வெறுப்பாகி அதை எடுத்துவிட்டேன்.)

சாவு வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை. உயிர் போன நேரத்தில் வீட்டில் இருந்த சமைத்த பண்டத்தை வைத்துக்கொள்வதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஞ்சிதாவின் அக்கா வெங்கடம்மா டப்பாவையும் பிரிட்ஜையும் திறந்தாள். நிப்பட்டு, பருப்பு, கட்லெட், கிண்ணங்களில் இருந்த இனிப்பு, எல்லாவற்றையும் வாளியில் கொட்டினாள். அழுதுகொண்டேதான் கொட்டினாள். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஹரிணிக்கு அது தெரியாது. அவள் பிறகு எழுந்து வந்தபோது, கழுவின கிண்ணங்கள் மேடையில் கவிழ்ந்திருந்தன.

விருந்துக்கு என்று பேசி வைத்திருந்த அதே காரில் சென்னம்மாள் வந்தாள். மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது பொய் அழுகை இல்லை. தெருவில் போட்ட பந்தலில் உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் நீட்டினார்கள், கையசைத்து வேண்டாம் என்றாள். பிணம் எடுத்ததும் கிளம்பிப் போனாள். சாவு வீட்டில் யார் கை நனைப்பார்கள்? நானும்தான் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. என்மேல் யாருக்கும் சந்தேகம் வராது, அவ்வளவுதான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஹரிணி என்னிடம் கேட்டாள். "அம்மா இருந்திருந்தா எங்கத்த சாப்ட்ருப்பாங்களா, மாட்டாங்களான்னு இனிமே தெரியவே தெரியாதில்ல சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் தெரிந்துவிடும் என்கிற கொழுப்பு எனக்கும் இருக்கிறது.

5

அவளைச் சாகவிடாத கதை.

சம்பந்திகள் வருகிறார்கள். ரஞ்சிதா பட்டுப் புடவையில் உட்கார்ந்து பேசுகிறாள். சென்னம்மாள் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்து, "நல்லாயிருக்குதும்மா" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். படித்துப் பார்த்தேன், சமையல் எண்ணெய் விளம்பரம் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

மறுபடி எழுதினேன். இந்த முறை சென்னம்மாளை அவள் போக்கில் விட்டேன். அவள் கிண்ணத்தை வாங்கினாள், பார்த்தாள், ஸ்டூல்மேல் வைத்தாள். "பேடம்மா, வேணாம். சுகர் இருக்குது" என்றாள்.

"சக்கர கம்மியாத்தான் போட்டிருக்கறேன்" என்றாள் ரஞ்சிதா.

"இருக்கட்டும்மா. சாப்ட்டுதான் வந்தோம்."

ரஞ்சிதாவின் முகம் — இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், நான்தான் அவளை உயிரோடு வைத்திருக்கிறேன், இதைப் பார்க்க வைப்பதற்காகவா?

எத்தனை முறை எழுதினாலும் சென்னம்மாளின் கை கிண்ணத்தின் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. நான் ஒரேயொரு முறை, பந்தலில் மட்டும் பார்த்த பெண். அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கட்டாயப்படுத்தினால் விளம்பரமாகிறது, விட்டால் சுகர் வருகிறது.

6

இன்னொன்று. இதில் ரஞ்சிதா செத்துத்தான் போகிறாள். ஆனால் வெங்கடம்மா வாளியோடு வருகிற நேரத்தில் ஹரிணியைச் சமையலறைக்கு அனுப்புகிறேன். இந்த அதிகாரமாவது எனக்கு உண்டு.

"எல்லாத்தயும் கொட்டணும் பாப்பா. தீட்டு."

"பெரிம்மா, இத அடுப்புல வெக்கவே இல்ல. தயிரும் பழமுந்தான்."

"ஒங்கம்மா கை பட்டதில்லயா?"

"அதனாலதான் கேக்கறேன்."

வெங்கடம்மா, தங்கச்சி புருஷன் என்ன சொல்வார் என்று திரும்பிப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நின்ற முனிராஜ், "உடுங்க. அவ எடுத்துக்கட்டும்" என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஹரிணி ஒரு கிண்ணத்தோடு பந்தலுக்கு வந்தாள். ஹரீஷ் எழுந்து, "இப்ப வேணாம் ஹரிணி" என்றான். அவள் அவனைத் தாண்டிப் போய் மாமியார் முன்னால் நின்றாள்.

"அத்தே, ஒங்களுக்குன்னு அம்மா நேத்து செஞ்சுது."

"சாவு வீட்ல எப்பிடி கண்ணு…" என்று சென்னம்மாள் தொடங்கினாள்.

"மொதல்ல நான் திங்கறேன்" என்று ஹரிணி ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். விழுங்க முடியாமல் அழுதாள், அழுதபடியே விழுங்கினாள். பிறகு கிண்ணத்தை நீட்டினாள். சென்னம்மாள்

7

அந்த வரியை முடிக்கப் போவதில்லை.

சென்னம்மாளை எழுந்து போகச் சொல்லிவிட்டேன். நான் எழுதி அவள் சாப்பிட்டால் அது ஹரிணிக்கு நான் சொல்கிற ஆறுதல். நான் எழுதி அவள் மறுத்தால், பதில் சொல்ல இங்கே இல்லாத ஒரு பெண்மேல் நான் போடுகிற பழி. இரண்டும் எனக்கு வேண்டாம்.

நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள்.

உங்களுக்கும் காரணங்கள் உண்டு. தீட்டு, சுகர், விரதம், வரும்போதே சாப்பிட்டாயிற்று. எல்லாமே நல்ல காரணங்கள்தான், யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஹரிணியும் நினைக்க மாட்டாள். அவளுக்குத் தெரியாமலே போய்விடும், அவ்வளவுதான்.

உள்ளே அம்மாவைக் குளிப்பாட்ட அவளைக் கூப்பிடுகிறார்கள். அவள் இன்னும் போகவில்லை. கிண்ணத்தை உங்கள் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.