நனைந்த மூன்று கவர்கள்

மூன்று மணிக்குக் குழுவின் முன்னால் பிரிக்க வேண்டிய மூன்று விலைப்புள்ளிக் கவர்கள் மேல் பன்னிரண்டு மணிக்கே தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்த பெருமை என்னையே சேரும். அரசு மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். எதையும் இவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்ததில்லை.

ஊறிப்போய்த் தானாக வாய் திறந்த கவர்களுக்கு நானும் கொஞ்சம் ஒத்தாசை செய்து, உள்ளிருந்த தாள்களை மின்விசிறிக்கு அடியில் வரிசையாகக் காயப்போட்டேன். அதுவே குற்றம். காயப்போட்டதோடு நிற்காமல் படித்தது அடுத்த குற்றம்.

சக்கர நாற்காலிகளுக்கு மூன்று கம்பெனிகள் தனித்தனியாகக் கொடுத்த விலை. பெயர் வேறு, முகவரி வேறு. ஆனால் முதல் கம்பெனித் தாளின் அடியில் 'பக்கம் 1/3', அடுத்ததில் '2/3', மூன்றாவதில் '3/3'. ஒரே ஆள் ஒரே மூச்சில் அடித்த போட்டி.

போன முறை அந்த முதல் கம்பெனிதான் நாற்காலிகளைக் கொடுத்தது. அதில் ஒன்றின் முன்சக்கரம் கழன்று, இடுப்பு ஒடிந்த ஓர் அம்மா எக்ஸ்ரே அறை வாசலில் விழுந்ததை நான் பார்த்தேன்.

விலை கேட்டுக் கவர் வாங்குவது எதிர் மேசைக்காரனின் வேலை. அவன் என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான்.

"மாப்ளே, இந்தப் பக்க நம்பரைப் பாரேன்."

எட்டிப் பார்த்தவன் முகம் தாள்களைவிட நனைந்திருந்தது. "கம்ப்யூட்டர் ஏதாவது பண்ணும் மாமா. அதை விடுங்க, கவரை நீங்க ஏன் பிரிச்சீங்க?"

நல்ல கேள்வி. முறைகேடு கண்ணில் பட்டால் அன்றே எழுத்தில் தெரிவிப்பேன் என்று வருஷா வருஷம் ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போடுகிறேன். அந்தத் தாளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன். நுழைந்து தப்பிக்க ஓர் ஓட்டைகூட வைக்கவில்லை, பாவிகள்.

கண்காணிப்பாளரிடம் போனேன். "எழுதணுமா சார்?"

"எழுதலாம். எழுதாமலும் இருக்கலாம். உங்க மனசாட்சி இருக்கில்ல?"

"இருக்கு சார். அதுதான் உங்ககிட்ட அனுப்பிச்சுது."

அவர் உடனே யாருக்கோ போன் போட்டார். மணி அடித்த சத்தமே கேட்கவில்லை, பேச ஆரம்பித்துவிட்டார்.

கணக்காளரம்மா தாள்களைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "எனக்குப் பார்வையே சரியில்லை தம்பி." காலையில் என் சட்டையில் அறுந்திருந்த பொத்தானை வாசலிலிருந்தே கண்டுபிடித்தவர் அவர்தான்.

இரண்டேகாலுக்கு மாடிப்படியில் நின்று மனைவியை அழைத்தேன். பாட்டிலில் ஆரம்பித்தேன்.

"மூடிய மூடுங்கன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கத்துறேன்," என்று சிரித்தாள்.

மீதியையும் சொன்னேன். எக்ஸ்ரே அறை வாசலையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அவன் வேலை போயிடும்மா. நான் கவர் பிரிச்சதுக்கு எனக்கும் ஏதாவது வரும். ஒருவேளை நிஜமாவே கம்ப்யூட்டர்..."

"நீங்க அப்படி நினைக்கிறீங்களா?"

"இல்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி ஒரு தடவை கேட்டது.

"நான் என்னம்மா செய்யட்டும்?"

"எழுதுங்க. அவன் பேரோட எழுதுங்க. கவரப் பிரிச்சது நீங்கதான்னும் எழுதுங்க. சாயங்காலம் மாடிக்குப் போய் அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."