தயிர் ஊற்றாத குருமா

அண்ணன் ஒன்பது வருடம் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்த்தான். முட்டையோட்டை உடைத்து வரும் குஞ்சுகளில் பெட்டை பெட்டிக்கு, சேவல் அரைக்கும் இயந்திரத்துக்கு. முட்டையிடாத சேவலுக்குத் தீனி தண்டமாம். அண்ணனுக்குச் சேவல் பக்கம் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டின் முதல் பட்டம். சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று வாரத்துக்கு முன் பாதி வேலையில் எழுந்து வந்துவிட்டான். அன்றிலிருந்து கறி இல்லை, முட்டை இல்லை. பால் கொடுத்தால், "கன்னுக்குட்டிக்கு என்ன குடுத்தாங்க?" என்றான். வெறும் கஞ்சியும் உப்பும். ஆள் பாதியாகிவிட்டான். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாக சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார்.

"ஊரே திங்குது, இவனுக்கு மட்டும் ஞானம் பொறந்துடுச்சு," என்றாள் அம்மா. "மயங்கி விழுந்தா அந்த ஞானமா வந்து தூக்கும்?"

"அவன் அங்க போக வேணாம். நான் வேலைக்குப் போறேன். அதுவரைக்கும் சும்மா இரும்மா."

"ஆமாண்டி, ரெண்டு வருஷமா போய்க் கிழிச்ச."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியை நான் பிடித்துக்கொண்டேன்.

"குருமா வைக்கப்போறேன். எல்லாம் செடி, கொடியில வந்ததுதான். திம்பியா?"

அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மாவ நம்ப மாட்டேன். நீ சத்தியம் பண்ணு, திங்கறேன்."

"சத்தியம். போய் உக்காரு."

எண்ணெயில் பட்டை, கிராம்பு, சோம்பு பொரியவிட்டு, வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க வதக்கினேன். இஞ்சி பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள். எண்ணெய் பிரிந்ததும் உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், வேகவைத்த கொண்டைக்கடலை. தயிருக்குப் பதில் ஊறவைத்த முந்திரியை மைய அரைத்து வைத்தேன்; புளிப்புக்கு எலுமிச்சை. நெய் டப்பா பரணுக்குப் போனது. கிழங்கு வேகட்டும் என்று தீயைக் குறைத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். பத்து நிமிடம். இறங்கி வந்து முந்திரியைக் கலக்கி இறக்கினேன்.

முதல் வாய் வைத்ததும் அண்ணன் கை நின்றது.

"காரமா?"

"இல்ல."

அப்புறம் குனிந்த தலை நிமிராமல் தின்றான். மறுசோறு வாங்கினான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் ஊற்றலாம் என்று அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் துழாவினேன். கரண்டியில் நகத்தளவு எலும்பு.

அம்மா பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். "கத்தாத. எலும்பு வேகவச்ச தண்ணிதான். கறி ஒரு துண்டு இல்ல. புள்ள திங்கறான்ல, கெடுத்துடாத."

எலும்பை எறிந்துவிட்டு ஊற்றிவிடலாமா என்று ஒரு நொடி எனக்கும் தோன்றியது. மறைப்பானேன்.

"அண்ணா, கைய எடு. இதுல கோழித்தண்ணி கலந்திருக்கு."

"தெரியும்." அவன் தட்டை வழித்துக்கொண்டிருந்தான். "மொத வாயிலயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா தின்ன?"

"நீ செஞ்சதாச்சே. நீயே சத்தியம் பண்ணிட்டு ஊத்தியிருக்கன்னா, வேற வழியே இல்லைன்னுதான அர்த்தம்? சரி, பாப்பாவே திரும்ப வேலைக்குப் போகச் சொல்றா, போயிடுவோம்னு..."

"ஐயோ, நான் ஊத்தலண்ணா! அம்மாதான்."

"எவ ஊத்துனா என்ன?" என்றாள் அம்மா. "உள்ள போச்சுல்ல?"

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தட்டைத் தூக்கி என் மூஞ்சியில் எறிந்திருக்கலாம்.

"விடு பாப்பா. தின்னாச்சு."

எழுந்துபோய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான். ஈரக் கையோடே போனை எடுத்தான். "நாளைக்கு வந்துடறேன் சார். ஆமா சார், ஒடம்பு பரவால்ல."

நான் சட்டியைத் தூக்கிப்போய் அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன். அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலுக்கடியில் கையை விட்டு, வேலைக்குப் போட்டுப் போகும் ரப்பர் பூட்ஸை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தான்.