பன்னிரண்டு விநாடி முனகல்

1

இந்தக் கதை ஒரு முனகலிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புனைகதையில் காரணமும் காரியமும் பிணையும் விதம் குறித்த ஆய்வேட்டின் மூன்றாம் இயலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், என் ஜன்னலுக்குக் கீழே யாருடைய பழைய காரோ கிளம்ப மறுத்தது. சாவி திருகப்பட்டது, இன்ஜின் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்ததே தவிர பற்றிக்கொள்ளவில்லை. பன்னிரண்டு விநாடி. பிறகு ஒரு தும்மல், ஓர் உதறல், உயிர்! நான் எட்டிப் பார்ப்பதற்குள் கார் தெருவைத் தாண்டிவிட்டது. ஓட்டியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. இயலை மூடி வைத்துவிட்டு அந்தப் பன்னிரண்டு விநாடிக்கு உரிய ஆளைத் தேடத் தொடங்கினேன். இனி வருவதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "மழை விட்டிருந்த விடியலில் மெக்கானிக் பானட்டைத் திறந்தபோது அவன் மனத்தில்"

[விட்டுவிட்டேன். பழுது மெக்கானிக்குக்கு அன்றாடம். அவன் மனத்தில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.]

இரண்டாம் தொடக்கம்: "இலக்கியம் பயிலும் இளைஞன் ஒருவன் தன் காரோடு"

[கூடாது. அது நான்தான், ஒட்டுமீசை மட்டும் புதிது.]

மூன்றாவதாக வந்தவள் என் அனுமதியைக் கேட்கவே இல்லை. நேராக உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். வீடு வீடாகச் சென்று ரத்த மாதிரி எடுப்பவள். ஆய்வகத்தில் எல்லோரும் அவளைக் கொசு என்பார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை, "நான் ஒரு தடவைதான் கடிப்பேன், அதுவும் சொல்லிட்டுத்தான்" என்பாள்.

அவளுடைய முதல் வீடு காலை ஏழு மணிக்கு. காத்திருப்பவர்கள் முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. சர்க்கரை நோயாளிகளுக்கு நேரம் போகப்போகக் கை நடுங்கும், கண் இருட்டும். கார் கிளம்பாமல் அடம்பிடித்ததால் அந்த மாதம் இரண்டு முறை தாமதமாகிவிட்டது. ஆய்வக மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை லேட் ஆச்சுன்னா உன் ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேம்மா. பசியில அவங்க உன்னையா திட்டுறாங்க? என்னையில்ல திட்டுறாங்க!"

கொசுவின் கணவன் கப்பலில் சமையற்காரன். எட்டு மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவான். வீட்டில் அவளோடு இருப்பவள் அவனுடைய அக்கா, தையற்காரி. கார் அவளுடையது. பதினெட்டு ஆண்டுகள் ஓட்டிவிட்டு, முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபின் கொசுவிடம் கொடுத்திருந்தாள். கொடுத்தாளே தவிர விட்டுக்கொடுக்கவில்லை.

"உன் கை சரியில்லடி. என் கையில அது ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல."

"அண்ணி, காருக்குக் கை வித்தியாசம் தெரியுமா?"

"ஏன் தெரியாது? ஊசி குத்துற மாதிரி சாவியைக் குத்துற. அது பயந்து போகுது."

3

கொசு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தாள். (இந்த இடத்தில் அவள்மீது எனக்கு மரியாதை பிறந்தது. நான் ஆய்வேட்டுக்கே இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெடுத்ததில்லை.) தேதி, மணி, எத்தனை விநாடி, எத்தனை முயற்சி. சில நாள் பன்னிரண்டு விநாடி சுழற்றி, ஓய்வு கொடுத்து, மறுபடி சுழற்றி, அரைமணி நேரம் போய்விடும். சில நாள் தொட்டவுடன் கிளம்பும். மாலையில், ஓடி நின்ற கார், ஒருமுறைகூடத் தகராறு செய்ததில்லை.

முதலில் பேட்டரி. மீட்டரை வைத்துப் பார்த்தாள், நல்ல மின்னழுத்தம். அதுவும் இன்ஜின் விறுவிறுவெனச் சுழல்கிறதே! குறை சுழற்சியில் இல்லை, பற்றுவதில்தான். அடுத்து, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக். ஞாயிற்றுக்கிழமை நான்கையும் கழற்றிப் புதியன மாட்டினாள்.

திங்கள்: தொட்டவுடன் கிளம்பியது.

செவ்வாய்: தொட்டவுடன் கிளம்பியது.

"பிளக்தான் அண்ணி! கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கொசு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"நான்தான் சொன்னேனே, காருக்கு ஒண்ணுமில்லன்னு" என்றாள் தையற்காரி, வாயிலிருந்த குண்டூசிகளை எடுக்காமலே.

புதன்: பதினான்கு விநாடி. ஓய்வு. மறுபடி. ஓய்வு. மறுபடி. முதல் வீட்டுக் கதவை அவள் தட்டியபோது ஏழாக ஒரு நிமிடமே பாக்கி.

அன்று மாலை பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்து பொருத்தினாள். இரவு முழுக்க முள் இறங்கவில்லை. ஆகவே பம்ப்பும் குழாயும் குற்றமற்றவை. வியாழனும் வெள்ளியும் கார் தொட்டவுடன் கிளம்பியது. நோட்டுப் புத்தகத்தில் அவள் எழுதினாள்: "காரணம் இல்லாமல் நல்லாகிறது." அதன் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

* அடிக்குறிப்பு போல ஒன்று: ஒன்றன்பின் ஒன்று நடந்தால் முன்னது காரணம், பின்னது காரியம் என்று நம்பிவிடுவதைப் பற்றித்தான் என் மூன்றாம் இயல். பிளக் மாற்றினாள், கார் கிளம்பியது. இவ்விரண்டு வாக்கியங்களுக்கு நடுவே "ஆகவே" என்று எழுதாமலே நீங்கள் அதைப் படித்தீர்கள். நானும்தான்.

4

இங்கே ஒரு பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. என் முதல் வரைவில் தையற்காரிதான் குற்றவாளி. தான் ஓட்ட முடியாத காரை இன்னொருத்தி ஓட்டுகிறாளே என்ற பொறாமையில் இரவில் ஏதோ ஒரு கம்பியைக் கழற்றி விடுகிறாள் என்று மூன்று பக்கம் எழுதினேன். அவள் அந்தப் பக்கங்களில் உட்காரவே இல்லை. கம்பியைக் கழற்ற நான் குனியச் சொன்னபோது முழங்கால் வலிக்கிறது என்றாள். பொறாமைப்படச் சொன்னபோது, தம்பி மனைவியின் சீருடையில் அவிழ்ந்திருந்த தையலைப் பிரித்து

[இதையும் பாதியில் விடுகிறேன். பாசத்தைத் தையலில் காட்டுவது மலிவான உத்தி. மூன்று பக்கங்களும் குப்பைக்குப் போயின.]

அப்படியானால் கார் ஏன் காரணமின்றி நல்லாகிறது? இரண்டு நாள் எனக்கும் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

5

சனிக்கிழமை காலை ஆறரை. சந்துக் கொட்டகையில் கார். ரேடியேட்டரில் நீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாமெனக் கொசு பானட்டைத் தூக்கினாள். மூடியைத் திறக்கும்முன் குழாயைத் தொட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். சூடாக இருந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

முந்தின மாலையிலிருந்து நின்ற கார்! இன்ஜினின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையையும் வைத்தாள். பத்து ஆண்டுகளாக நோயாளிகள் சொல்லும் ஒரு பொய் அவளுக்கு மனப்பாடம். அதே பொய்யை ஒரு காரிடம் அவள் எதிர்பார்த்ததில்லை.

"அண்ணி!" என்று வீட்டுக்குள் ஓடினாள். "வெறும் வயிறுன்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டு வந்து உக்கார்ந்திருக்கு அந்தக் கார்! யாரு குடுத்தா?"

தையற்காரி இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "என்னடி உளர்ற?"

"இன்ஜின் சூடா இருக்கு. சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. நான் இப்பத்தான் குளிச்சிட்டு வரேன்."

தையற்காரி எண்ணெய்க் குப்பியை மூடினாள்.

"அஞ்சரைக்குத் தண்ணி மோட்டாரைப் போட்டுட்டுப் போவேன். சத்தம் உனக்குக் கேக்கக் கூடாதுல்ல. கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திட்டு வந்துடுவேன். நீ லேட்டாப் போகக் கூடாதேன்னுதான்."

"தினமுமா?"

"முட்டி விடுற நாள்லதான். புதன்கிழமை வலிக்கு மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன்."

"அப்ப உங்க கையில டக்குன்னு கிளம்பிடுமா?"

தையற்காரி இப்போதுதான் நிமிர்ந்தாள். "இல்லடி. என்கிட்டயும் முனகத்தான் செய்யுது. உன் கை சரியில்லன்னு சொன்ன வாய், அதை எப்படிச் சொல்லும்?"

கொசுவுக்குக் கோபமும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன, முந்தியது சிரிப்பு. "பிளக்குக்குப் பேரு வாங்கிக் குடுத்தது நீங்கதானா? இத்தனை நாளா என் சாம்பிளைக் கெடுத்துட்டீங்களே, அண்ணி!"

(நல்ல நாளை யாரும் பரிசோதிப்பதில்லை. கிளம்பிய நாட்களிலேயே விடை இருந்தது. அவளும் நானும் கிளம்பாத நாட்களையே முறைத்துக்கொண்டிருந்தோம்.)

6

நோட்டுப் புத்தகத்தில் தையற்காரி தொட்ட நாட்களை அடித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது ஒரே வரி: குளிர்ந்திருந்தால் கிளம்பாது, சூடாக இருந்தால் கிளம்பும். அவ்வளவு தெளிவு!

குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். குளிர்ந்திருக்கிறதா என்பதைக் காரின் கணினிப் பெட்டிக்குச் சொல்வது விரலளவு சென்சார் ஒன்று. அன்று வேலை முடிந்து வந்ததும் கொசு அதைக் கழற்றி மீட்டரோடு இணைத்தாள். முதலில் ஐஸ் தண்ணீரில் முக்கினாள்; பிறகு அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தில்.

"என் பால் பாத்திரத்துல கார் சாமானா?"

"பேசாம எண்ணைப் படிங்க அண்ணி. மாறுதா?"

"ரெண்டுலயும் ஒரே எண்தான்டி."

எந்நேரமும் "நான் சூடாக இருக்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் சென்சார். பெட்டி அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்தது. நம்பத்தகாத கதைசொல்லியைப் பற்றி நானூறு பக்கம் படித்திருக்கிறேன். ஒரு பால் பாத்திரத்தில் அவன் கையும் களவுமாகப் பிடிபடுவான் என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தேன், உட்கார முடியவில்லை!

புதிய சென்சார் ஞாயிறு மாலைதான் கிடைத்தது. மாட்டினாள். அது சரியான நோயறிதல்தானா என்பதைக் குளிர்ந்த இன்ஜின் மட்டுமே சொல்லும். அதாவது திங்கட்கிழமை காலை.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் நான் சூடு பண்ணி வச்சிடறேன்டி. உன் ரூட்டு போயிடும்."

"வேண்டாம் அண்ணி. வெறும் வயித்துலதான் பார்க்கணும்."

"கிளம்பலன்னா?"

"கிளம்பலன்னு தெரிஞ்சிடும்ல. தெரியாமலே எத்தனை நாள் ஓட்டறது?"

7

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கார் முதல் திருகலிலேயே கிளம்புகிறது, இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்றில் கிளம்பவில்லை, ரூட் போகிறது, தையற்காரி அழுகிறாள். மூன்றாவதில் அவள் விடியுமுன் ரகசியமாகக் கொட்டகைக்குப் போகிறாள். கொசு அதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுகிறாள். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

திரும்பிப் படித்தபோது பிடிபட்டேன். நீங்கள் வருவதற்கு முன்பே வந்து, ஒவ்வொரு பகுதியையும் கிளப்பி, சற்று ஓடவிட்டு, வெதுவெதுப்பாக்கி வைத்திருக்கிறேன். எங்கே சிரிக்க வேண்டும், யாரை மன்னிக்க வேண்டும் என்பதுவரை. தையற்காரி செய்த அதே வேலை, அதே அச்சம், நீங்கள் பாதியில் நின்றுவிடக் கூடாதே என்பது. அடைப்புக்குறிகள் எல்லாம் என் தண்ணீர் மோட்டார்.

ஆகவே அடுத்த பகுதியை நான் தொடப்போவதில்லை. கிளம்புகிறதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

8

திங்கள். ஆறரை. கொசு குழாயைத் தொட்டாள், சில்லென்று இருந்தது. தையற்காரி முன் இருக்கையில் ஏறி, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு வரீங்க?"

"ஏழு மணிக்குள்ள போகலன்னா உன் மேலாளர்கிட்ட நான் பேசிக்கறேன். பொய் சொன்ன சென்சாரே நான்தான்னு சொல்லிடறேன்."

"பேசாம உக்காருங்க அண்ணி."

கொசு பையை மடியிலிருந்து பின்னிருக்கைக்கு மாற்றினாள். ஆக்ஸிலரேட்டர் பெடலில் கால் வைக்கவில்லை. சாவியைத் திருகினாள், இன்ஜின்