சுக்கான் பக்கத்து இடம்

என் வாயைப் பற்றி இந்தப் படகுத்துறையில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். மகள் வயிற்றில் இருந்த காலத்திலிருந்து இந்த ஆற்றில் படகு ஓட்டுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்கூடைக்காரிகள், நகராட்சி குமாஸ்தாக்கள் எல்லோரும் என் படகில்தான் அக்கரை போக வேண்டும். ஏறுகிறவர்களின் எடையைக் கண்ணாலேயே போட்டு, இன்னார் இன்ன இடம் என்று உட்கார வைப்பேன். "மளிகைக்கடை அண்ணே, நீங்க நடுவுல. ஓரத்துல உக்காந்தா ஒட்டுமொத்தமா குளிக்க வேண்டியதுதான்" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே நகர்வார்.

என் தோள்பட்டை மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. சுக்கானை இழுத்தால் உயிர் போகிறது. இனித் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மகளுக்கு லைசென்ஸ் கிடைத்தால் துறை எங்களிடமே இருக்கும். இல்லாவிட்டால் என் கொழுந்தனுக்குப் போய்விடும். அந்த மகராசன் இப்போதே புதுப் படகுக்குப் பெயின்ட் அடித்து வைத்துவிட்டான்.

என் மகளுக்கு ஓட்டத் தெரியாது என்று கொழுந்தன்கூடச் சொல்ல மாட்டான். ஆனால் ஒருவரை அதட்டத் தெரியாது. யார் எங்கே உட்கார்ந்தாலும் "பரவாயில்லைங்க" என்கிற ரகம். லைசென்ஸ் பரீட்சையில் ஆட்களை உட்கார வைப்பதையும் பார்ப்போம் என்று நகராட்சி இன்ஸ்பெக்டர் சொன்னதிலிருந்து எனக்கு அதே கவலைதான்.

பரீட்சையன்று காலை அவர் வந்து முதல் வேலையாக என்னிடம்தான் பேசினார். "நீங்க கூட வரலாம்மா. ஆனா அக்கரை சேர்ற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாது."

யாரோ என்னைப் பற்றி வத்தி வைத்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

ஆட்கள் நிறைந்தார்கள். கடைசியாக வந்த மளிகைக்கடைக்காரர் நேராகப் பின்பக்கப் பலகையில் போய் உட்கார்ந்தார். பின்பக்கம் அமுங்கிவிட்டது. மகள் கயிற்றைக் கையில் பிடித்தபடி படகைப் பார்த்தாள், அவிழ்க்கவில்லை. சொல்லித் தொலையேன்டி, அந்த மனுஷனை எழுப்பு என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. புருவத்தை ஆட்டினேன், இருமினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டு அவள் பின்பக்கம் வந்தாள். மளிகைக்கடைக்காரரைத் தாண்டி என் முன்னால் நின்றாள்.

"அம்மா, எழுந்திரு."

"நானா? எதுக்கு?"

"உன்னாலதான் பின்னாடி அமுங்குது. இது ஓட்டறவ இடம். நீ முன்னாடி போ."

அப்போதுதான் பார்த்தேன். சுக்கான் பக்கத்தில், தினமும் உட்காருகிற பலகையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கால் பழக்கத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. படகே என்னைப் பார்த்தது. முகம் எரிந்தது.

"நான் பக்கத்துல இருந்தா உனக்கு ஒத்தாசைதானடி" என்றேன், இறங்கிய குரலில்.

"நீ இங்க இருந்தா நான் படகெடுக்க மாட்டேன்மா."

அதட்டலே இல்லை. இருந்தாலும் எழுந்துவிட்டேன். ஆட்களின் தோளைப் பிடித்துப் பிடித்து முன்பக்கம் போய், ஒரு மீன்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். படகு சமமாக நின்றது. என்ஜின் ஒரே இழுப்பில் கிளம்பியது. நடு ஆற்றில் சுழிப்பு வருகிற இடத்தில், என்னை அறியாமல் என் கை சுக்கானைத் தேடியது. அதற்குள் அவள் திருப்பிவிட்டிருந்தாள்.

அக்கரையில் இறங்கும்போது இன்ஸ்பெக்டர் அவளிடம், "லைசென்ஸை ஆபீஸ்ல வந்து வாங்கிக்கம்மா. பெத்தவளையே எழுப்பிட்ட, இனிமே யாரை எழுப்ப மாட்ட?" என்றார். எனக்கு அழுகை முட்டியது. கோபத்தால் இல்லை.

திரும்புகிற சவாரிக்கு ஆட்கள் ஏறினார்கள். நான் கரையிலேயே நின்றேன்.

"என்னம்மா, ஏறலையா?" என்றாள்.

"எங்க உக்காரணும்னு நீ சொல்லு, ஏறுறேன்" என்றேன்.